காந்திக்கே கணக்குச் சொன்ன தஞ்சைத் தமிழர்



ஆண்டு மலர் என்றால் புதுக்கவிதை இருக்கும், ஜோக்ஸ் இருக்கும், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஒரு கிண்டலாவது கட்டாயம் இருக்கும். இதுக்கு நடுவுல நான் ஒரு ஆடிட்டரைப் பற்றி எழுதப் போறேன்னு சொன்னதும் கூட இருந்தவங்க சிரிச்சிட்டாங்க. சிரிக்கட்டும்! படித்து முடித்த பிறகு சிரிப்பு வருதான்னு பார்ப்போம்.

அந்த ஆடிட்டர் பெயர் ஜே.சி. குமரப்பா. காந்தியப் பொருளாதாரம் என்று சொன்னாலே முதலில் வரும் பெயர் அவருடையதுதான். அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் என்ற தேசிய அளவிலான தொண்டு அமைப்பை ஆரம்ப நாளிலிருந்து நடத்திக் காட்டியவர். ஒரு சங்கத்தை எப்படி நடத்த வேண்டும், பொதுப்பணத்தை எப்படித் தொட வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கையே ஒரு பாடப் புத்தகம். நாமும் ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். தேர்தல் வைக்கிறோம், சந்தா வாங்குகிறோம். அதனால இந்தப் பாடம் நமக்கு சிலபஸ்ல இல்லாட்டியும் தேவையான பாடம்தான்!

தஞ்சாவூரிலிருந்து நியூயார்க் வரை

குமரப்பா 1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். வீட்டில் ஒழுங்கும் நேரம் தவறாமையும் சின்ன வயசிலேயே பழக்கமானவை. அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். குமரப்பா என்ற குடும்பப் பெயரைப் பிற்பாடுதான் எடுத்துக்கொண்டார்.

லண்டன் போய் கணக்காயர் படிப்பு முடித்தார். முதல் உலகப் போர் காலத்தை அங்கேயே கழித்தார். திரும்பி வந்து பம்பாயில் ஒரு கூட்டாளியுடன் சொந்தமாக ஆடிட் கம்பெனி வைத்தார். கோட்டு, சூட்டு, கை நிறைய வருமானம். நம்மில் பாதிப் பேர் கனவு காணும் வாழ்க்கை அவருக்கு முப்பது வயதைத் தாண்டியதுமே கிடைத்துவிட்டது!

1927-ல் அமெரிக்கா போனார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்துவிட்டு, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்துக்குச் சேர்ந்தார். அங்கே இருக்கும்போது இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பது பற்றி ஒரு தேவாலயத்தில் பேசினார். அந்தப் பேச்சு பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த பேராசிரியர் செலிக்மேன், இதையே ஆராய்ச்சியாகச் செய்யச் சொன்னார். அதுவரை அவர் எத்தனையோ கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்திருந்தார். இப்போது முதன்முறையாக ஒரு நாட்டின் கணக்கையே எடுத்துத் தணிக்கை பண்ணினார். வசூலாகும் வரி எங்கே போகிறது, யாருக்குச் செலவாகிறது என்று வரி வரியாகப் பார்த்தபோது, வெள்ளைக்காரர் ஆட்சியைப் பற்றி அவர் வைத்திருந்த நல்லெண்ணம் கரைந்து போனது. அவரை தேசபக்தர் ஆக்கியது கணக்குத்தான்!

சபர்மதியில் ஒரு சூட்டுக்காரர்

அந்த ஆராய்ச்சியைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று அலைந்தபோதுதான் காந்தியடிகளைப் போய்ப் பாருங்கள் என்று நண்பர்கள் வழி காட்டினார்கள். 1929 மே 9-ஆம் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். உடம்பில் சூட்டு, கையில் தடி. மரத்தடியில் சாணி மெழுகிய தரையில் ஒரு கிழவர் உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். இவர் நின்று வேடிக்கை பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தக் கிழவரே காந்தி என்று தெரிந்தது. யாரோ நாற்காலி கொண்டு வந்தார்கள். இவர் வேண்டாமென்று, இறுக்கமான கால்சட்டையோடு கஷ்டப்பட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். அன்றைக்குத் தரையில் உட்கார்ந்தவர் கடைசி வரை நாற்காலியைத் தேடிப் போகவே இல்லை.

காந்திஜி அவருக்கு முதலில் கொடுத்த வேலை மேடைப் பேச்சு அல்ல, சர்வே! குஜராத்தில் கேடா மாவட்டத்தில் மாத்தர் தாலுகா. குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு 54 கிராமங்களில் வீடு வீடாகப் போய் வருமானம், கடன், நிலம், மாடு எல்லாவற்றையும் கணக்கெடுத்தார். பாஷையும் தெரியாது, மாணவர்களை வைத்துத்தான் எல்லாம். ஏழ்மை என்பதை கவிதையாகப் பாடாமல் அட்டவணையாகப் போட்டுக் காட்டினார். உப்பு சத்தியாக்கிரகம் வந்தபோது யங் இந்தியா பத்திரிகையில் எழுதினார், சிறைக்கும் போனார். கோட்டு சூட்டு போய் கதர் வந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

பீகாரில் மூன்று அணா

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன்.

1934 ஜனவரி 15. பீகாரில் பயங்கர நிலநடுக்கம். ஊர் ஊராக இடிந்து ஆயிரக்கணக்கில் ஜனங்கள் செத்துப் போனார்கள். ராஜேந்திர பிரசாத் தலைமையில் பீகார் மத்திய நிவாரணக் கமிட்டி அமைந்தது. நாடு முழுக்க இருந்து பணம் வந்து குவிந்தது. பணம் வந்தால் கூடவே பிரச்சினையும் வருமில்லையா? கமிட்டியின் நிதிப் பொறுப்பை ஏற்று ஒழுங்குபடுத்த ஒரு ஆள் வேண்டும் என்று ஜம்னாலால் பஜாஜ் குமரப்பாவைக் கேட்டுக்கொண்டார். இவரும் கிளம்பிப் போனார்.

போன உடனே சட்டம் போட்டுட்டார். தொண்டர் ஒருவருக்குச் சாப்பாட்டுச் செலவு ஒரு நாளைக்கு மூன்று அணா. அதுக்கு மேல் ஒரு காசு கிடையாது. பதினாறு அணா சேர்ந்தால்தான் ஒரு ரூபாய் என்பதை நம்ம செட்டுக்கு ஞாபகப்படுத்திடறேன்!

அந்தச் சமயத்தில் காந்திஜியே பீகாருக்கு வந்தார். அவரோடு உதவியாளர்கள், உடன் வந்தவர்கள் என்று ஒரு குழு. ஆட்டுப்பால், பேரீச்சை, பழம், ஊர் ஊராகப் போகிற காருக்கு பெட்ரோல். இதெல்லாம் மூன்று அணாவில் அடங்குமா? யாராக இருந்தாலும் மகாத்மா ஆச்சே என்று பேசாமல் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். குமரப்பா எழுதவில்லை. காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் நேராகவே சொல்லிவிட்டார்: இது நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்கென்று ஜனங்கள் கொடுத்த பணம், தலைவருடைய பயணச் செலவுக்கு இதில் இடமில்லை, வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

விஷயம் காந்திஜி காதுக்குப் போனது. குமரப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தார். குமரப்பா தன் நியாயத்தைச் சொன்னார். கேட்ட காந்திஜி கோபப்படவில்லை, அது சரி என்று ஒத்துக்கொண்டார். அந்தச் செலவு நிவாரண நிதியைத் தொடாமல் வேறு வழியில் பார்த்துக்கொள்ளப்பட்டது.

இந்த இடத்தில் ரெண்டு பேரையும் கும்பிடத் தோணுது. கேட்கிற தைரியம் ஒருத்தருக்கு, ஒத்துக்கிற மனசு இன்னொருத்தருக்கு. தலைவர் பெரியவரா விதி பெரியதா என்று வந்தால், தலைவரே வந்து விதிதான் பெரியது என்று நிற்கிற அமைப்புதான் உருப்படும்.

இதை நான் சும்மா ஏட்டில் படித்ததோடு விடவில்லை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வெள்ளம் வந்தபோது நாமும் வசூல் பண்ணினோம். அரிசி, போர்வை, பால் பவுடர் ஏற்றிக்கொண்டு வேனில் போனோம். அதற்கு முந்தைய நாள் நடந்த கூட்டத்தில், வேன் வாடகையையும் போகிற பசங்களுக்குச் சாப்பாட்டையும் வசூலான பணத்திலேயே எடுத்துக்கலாமே என்று ஒரு பேச்சு வந்தது. கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. உழைக்கிறவனுக்குச் சோறு வேண்டாமா என்பது நியாயமான கேள்விதான். அங்கேதான் நான் எழுந்து இந்த மூன்று அணா கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் வேன் வாடகையைப் போகிற இருபது பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். சாப்பாடு அவரவர் வீட்டுப் பொட்டலம். உண்டியலில் விழுந்த அத்தனை பணமும் சாமானாக மாறி ஸ்ரீவைகுண்டம் பக்கம் போய்ச் சேர்ந்தது. 1934-ல் ஒருவர் போட்ட விதி 2023-ல் நம்ம வேனில் ஏறி வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சங்கம் பிறந்தது

அதே 1934 அக்டோபரில் பம்பாயில் காங்கிரஸ் மாநாடு. கிராமத் தொழில்களைக் காப்பாற்ற ஒரு அகில இந்திய சங்கம் அமைக்க வேண்டும் என்று தீர்மானம். அமைக்கும் பொறுப்பு காந்தியின் வழிகாட்டுதலில் குமரப்பாவுக்கு. அந்தத் தீர்மானத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். காங்கிரஸ் பெற்ற பிள்ளையானாலும் இந்தச் சங்கம் தன்னாட்சி உள்ளது, அரசியல் சார்பில்லாதது என்று அப்போதே எழுதி வைத்துவிட்டார்கள். கட்சிக்குள் சண்டை வந்தாலும், கட்சியைத் தடை பண்ணினாலும், கிராமத்தில் செக்கு ஆடுவது நிற்கக் கூடாது என்பதுதான் நான் புரிந்துகொண்ட காரணம்.

1934 டிசம்பர் 14-ஆம் தேதி வார்தாவில் சங்கம் தொடங்கியது. அதன் கட்டமைப்பைப் பாருங்கள், நம்ம இன்ஜினியரிங் டிராயிங் மாதிரி தெளிவாக இருக்கும். முடிவெடுக்க ஒரு சின்ன நிர்வாகக் குழு. அதற்குத் தலைவர் ஸ்ரீகிருஷ்ணதாஸ் ஜாஜு. அமைப்பாளராகவும் செயலாளராகவும் இருந்து வேலையை நடத்த குமரப்பா. யோசனை சொல்லத் தனியாக ஓர் ஆலோசகர் குழு. அதில் யார் யார் தெரியுமா? ரவீந்திரநாத் தாகூர், சர் சி.வி. ராமன், ஜகதீஷ் சந்திர போஸ், பி.சி. ராய்! நம்ம குன்னூரில் சத்துணவு ஆராய்ச்சி நடத்திய ராபர்ட் மெக்கரிசனும் அதில் உண்டு. பெரிய பெயர்களைச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் பெரிய பெயர்களிடம் சாவியைக் கொடுக்கவில்லை. நிபுணர் யோசனை சொல்வார், குழு முடிவு செய்யும், செயலாளர் செய்து முடித்துக் கணக்குக் காட்டுவார். ஒருத்தர் வேலையில் இன்னொருத்தர் தலையிடாத ஏற்பாடு. காந்திஜி எல்லாருக்கும் மேலே இருந்தும், தலைவர் நாற்காலியில் உட்காரவில்லை.

நிறைய சங்கங்கள் எங்கே சரிகின்றன? தலைவரே பொருளாளர், பொருளாளரே தணிக்கையாளர் என்று எல்லாம் ஒரே கையில் சேரும்போதுதானே? ஆள் யோக்கியராகவே இருக்கட்டும். சேஃப்டி வால்வு இல்லாத பாய்லர் என்றைக்காவது வெடிக்கத்தான் செய்யும் என்று வேடிக்கையாகச் சொல்வேன். சேஃப்டி வால்வு வைப்பது பாய்லரை அவமானப்படுத்துவதற்கா? இல்லையே!

மகன்வாடி: அன்றைய பாலிடெக்னிக்

சங்கத்துக்கு இடம் வேண்டுமே? ஜம்னாலால் பஜாஜ் வார்தாவில் தன் தோட்டத்தையும் கட்டடத்தையும் கொடுத்தார். காந்தியின் உறவினரும் ராட்டையில் பல சோதனைகள் செய்தவருமான மகன்லால் காந்தி நினைவாக அதற்கு மகன்வாடி என்று பெயர். சேவாகிராமத்துக்குப் போவதற்கு முன் 1935-36-ல் காந்திஜியே அங்கேதான் தங்கியிருந்தார்.

மகன்வாடியில் என்ன நடந்தது? படிக்கும்போது எனக்கு நம்ம ஒர்க்ஷாப்தான் ஞாபகம் வந்தது. செக்கு எப்படி இருந்தால் மாடு கஷ்டப்படாமல் அதிக எண்ணெய் வரும் என்று சோதனை. கைக்குத்தல் அரிசி, திரிகை, பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கையால் செய்யும் காகிதம், சோப்பு, மண்பாண்டம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பிரிவு. மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கு அங்கே உருவானது. கிராம சேவகர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளியும் நடந்தது. பல மாகாணங்களிலிருந்து பசங்க வந்து தொழில் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். டிப்ளமோ சர்டிபிகேட் மட்டும்தான் இல்லை! 1938 டிசம்பர் 30-ல் மகன் சங்கிரகாலயம் என்ற அருங்காட்சியகத்தைக் காந்திஜி திறந்து வைத்தார்.

குமரப்பா மெஷினுக்கு எதிரி என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. மனுஷனுடைய முதுகு வலியைக் குறைக்கிற கருவியை அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை. அந்தக் கருவியால் யாருக்கு வேலை போகிறது, லாபம் எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டார். மறுபடியும் அதே ஆடிட்டர் கேள்விதான்! மெக்கானிக்கல் படிக்கிற நாம் டிசைன் பண்ணும்போது லோடு, ஸ்ட்ரெஸ் பார்க்கிறோம். இந்த ரெண்டு கேள்வியையும் கூடவே பார்த்தால் என்ன குறைஞ்சிடும்?

கமிட்டிகளும் சிறையும்

1938-39-ல் மத்திய மாகாண அரசு அமைத்த தொழில் ஆய்வுக் குழுவுக்கு அவர் தலைவர். 606 கிராமங்களில் ஆய்வு நடத்தி அறிக்கை கொடுத்தார்கள். அதே காலத்தில் நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார். போகிற போக்கு கிராமத்துக்கு உதவாது என்று பட்டதும் சில மாதங்களிலேயே விலகிவிட்டார். பதவி என்பது அவருக்குச் சட்டை மாதிரிதான். பொருந்தவில்லை என்றால் கழற்றி வைத்துவிடுவார்.

போர்க் காலத்தில் அரசாங்கம் நோட்டு அடித்து நாட்டின் பொருளை அள்ளிக்கொண்டு போவதை கிராம உத்யோக் பத்திரிகாவில் அம்பலப்படுத்தினார். மறுபடியும் சிறை. ஜபல்பூர் சிறையில் எகானமி ஆஃப் பர்மனன்ஸ், அதாவது நிலைத்த பொருளாதாரம் என்ற புத்தகத்தை எழுதினார். அதில் பொருளாதாரத்தை இயற்கையிலிருந்து விளக்குகிறார். அடித்துத் தின்னும் புலி ஒரு வகை. நடாமல் பறித்துத் தின்னும் குரங்கு இன்னொரு வகை. தன் கூட்டைத் தானே கட்டிக்கொள்ளும் பறவை அதற்கு மேல். கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ அதற்கும் மேல். கைம்மாறு எதிர்பார்க்காமல் ஊட்டும் தாய் எல்லாவற்றுக்கும் உச்சி. ஒரு சங்கத்தின் நிர்வாகிகள் இந்த ஏணியில் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று பார்த்தாலே அந்தச் சங்கத்தின் ஆயுசு தெரிந்துவிடும்!

சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் விவசாயச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்று 1949-ல் அறிக்கை தந்தார். கிராமத் தொழில் சங்கம் பிற்பாடு சர்வ சேவா சங்கத்தோடு இணைந்தது. 1953-ல் அரசே அகில இந்திய கதர் கிராமத் தொழில் வாரியத்தை அமைத்தது. 1956-ஆம் வருடச் சட்டப்படி அந்தப் பொறுப்பு கதர் கிராமத் தொழில் ஆணையத்துக்குப் போனது. கிராமத் தொழிலுக்கு அரசுப் பணம் கிடைத்தது நல்லதுதான். ஆனால் தொண்டர்கள் நடத்திய சங்கம் போய் இலாகா வந்ததில் எதையோ இழந்துவிட்டோம் என்பது என் எண்ணம். தோழர்கள் மாற்றுக் கருத்து சொன்னால் விவாதிக்கத் தயார்.

கல்லுப்பட்டியில் கடைசி நாட்கள்

மதுரையிலிருந்து ராஜபாளையம் பஸ்ஸில் போகும்போது தே. கல்லுப்பட்டி வருமே, அங்கே இருக்கிற காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் குமரப்பா தன் கடைசி வருடங்களைக் கழித்தார். ரத்தக் கொதிப்பு அவரைப் பாடாய்ப் படுத்தியது. லண்டனும் நியூயார்க்கும் பார்த்தவர் கரிசல் காட்டுக் கிராமத்தில் வந்து எளிமையாக இருந்தார். 1960 ஜனவரி 30-ஆம் தேதி சென்னை பொது மருத்துவமனையில் காலமானார். காந்திஜி மறைந்த அதே தேதி! அப்போது அவருக்கு வயது 68.

நம்ம பஸ் அந்த ஊரில் நிற்கும்போது வெள்ளரிப்பிஞ்சு வாங்குவதோடு சரி. இப்படி ஒருத்தர் இங்கே இருந்தார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

நமக்கு என்ன?

அவருக்குச் சிலை வைக்கணும் என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று சின்ன வேலையைத்தான் நம் யூனியன் முன்னால் வைக்கிறேன்.

ஒன்று, மாதா மாதம் வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளும் படித்துவிட்டுக் கேள்வி கேட்கட்டும்.

இரண்டு, நிர்வாகிகள் அல்லாத இரண்டு மாணவர்களைக் கணக்குப் பார்க்கப் பொதுக்கூட்டமே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவர் மாணவியாக இருந்தால் ரொம்ப நல்லது.

மூன்று, நிவாரணம் என்று வசூலித்த பணம் தனி நோட்டில், தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அதிலிருந்து டீச்செலவு கூட எடுக்கக் கூடாது.

இதைச் சொன்னா நம்பிக்கை இல்லையான்னு சில அண்ணன்மார் வருத்தப்படலாம். குமரப்பாவுக்குக் காந்தி மேல் நம்பிக்கை இல்லாமலா போச்சு? உயிரையே கொடுக்கத் தயாராக இருந்தார். ஆனாலும் பெட்ரோல் பில்லை மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை! நம்பிக்கை வேறு, ரசீது வேறு. ரெண்டும் சேர்ந்து இருந்தால்தான் சங்கம் நிற்கும்.

நாளைக்கு நாம் ஷாப் ஃப்ளோரில் நிற்போம், சிலர் சொந்தத் தொழில் தொடங்குவோம், சிலர் யூனியன் தலைவர்களாகவும் வருவோம். பொதுப்பணம் கைக்கு வரும் முதல் நாளில் அந்தத் தஞ்சாவூர்க்காரர் நம் ஞாபகத்துக்கு வரட்டும். இந்த வருடப் பொதுக்கூட்டத்தில் மேற்சொன்ன மூன்றையும் தீர்மானமாகக் கொண்டு வருகிறேன். கை தூக்க வாருங்கள், தோழர்களே!

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை